மிச்சமான நொடி யாருடையது?

ஆயத்த ஆடை ஆலையின் தையல் வரிசையை அப்படியே கணினிக்குள் கட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. சிமுலேஷன் என்கிறார்கள் ஆலைக்காரர்கள். பாவனை, உருவகப்படுத்தல் என்று எழுதுகின்றன பாடநூல்கள். எத்தனை மெஷின்கள், எந்த வரிசையில், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி, ஒரு கட்டில் எத்தனை துண்டு, கட்டு கைமாற எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் ஒரு மாத உற்பத்தியைச் சில நிமிடங்களில் திரையில் ஓட்டிக் காட்டிவிடும். துணி எங்கே தேங்குகிறது, யாருடைய கை காலியாக இருக்கிறது என்று தெரியும். ஒரு மெஷினை இடம் மாற்றினால் என்ன ஆகும், இரண்டு வேலைகளை ஒருவரிடமே கொடுத்தால் என்ன ஆகும், ஓர் ஆளைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நிஜ ஆலையில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் சோதித்துக்கொள்ளலாம்.

இந்தப் பாவனைக்குள் மெஷின் பழுதாகலாம். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும், சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று நிரப்புவதற்கென்றே தனி இடம் வைத்திருக்கிறார்கள். அதை நிரப்பாவிட்டால் மாதிரி நிஜத்தைப் போல இல்லை என்று குறை சொல்வார்கள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளின் கதை வேறு. அவளுக்கு அங்கே பெயர் ‘வளம்’. எண்ணிக்கை: ஒன்று. எத்தனை மணிக்கு வருவாள், எத்தனை மணிக்குப் போவாள் என்று ஓர் அட்டவணை. வராமல் போகும் நாட்களுக்கு ஒரு சதவீதம். அவ்வளவுதான். ஊசிக்குப் பழுதாகும் உரிமையை வழங்கிய கணக்கு, அந்த ஊசியை ஓட்டுகிற கைக்கு அதை வழங்கவில்லை.

தமிழ் படித்து, தமிழ் கற்பிப்பவளுக்கு ஆலைக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். என் வகுப்பில் உட்காரும் மாணவிகள் பலரின் அம்மாக்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு கணக்கு எதற்கு என்ன பெயர் வைக்கிறது, எதற்குப் பெயரே வைக்காமல் விடுகிறது என்று கேட்பது மொழி படித்தவளின் வேலையும்தான். பொறியாளர்கள் அதைக் கேட்டிருந்தால் நான் கேட்க வேண்டியிருக்காது.

தொழில்களின் ஆண்டுக் கணக்கெடுப்பு (2019-20) சொல்கிறபடி, இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆகவே உற்பத்தித்திறன் பற்றிய பேச்சு இங்கே பெண்களைப் பற்றிய பேச்சு. திருப்பூரின் ஒரு டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். தோள் இணைப்பது, கழுத்துப் பட்டி வைப்பது, கை மடிப்பது, கை ஏற்றுவது, பக்கவாட்டில் மூட்டுவது, அடி மடிப்பது என்று அது துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டு வேலைக்கும் இத்தனை நிமிடம் என்று ஓர் அளவு உண்டு. எஸ்.ஏ.எம். என்பார்கள், அனுமதிக்கப்பட்ட நிமிடம் என்று பொருள். யார் அனுமதித்தது? ஐ.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழில்துறைப் பொறியாளர்கள். முன்பு ஸ்டாப்வாட்ச். 1948இல் வெளிவந்த எம்.டி.எம். முறையும் அதன் வழிவந்தவையும் கடிகாரம்கூடத் தேவையில்லாமல், கையை நீட்டுவது, பற்றுவது, நகர்த்துவது, விடுவது என்று ஒவ்வோர் அசைவுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருக்கின்றன. அந்த முறையின் அலகு 0.036 நொடி. கண் இமைப்பதற்குள் இப்படிப் பல அலகுகள் கடந்துவிடும். பெண்ணின் கை அசைவை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண்கள் வேறு எதையும் பார்க்காமல் விட்டது எப்படி என்பதுதான் என் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆடைக்கு 6 நிமிடம். வரிசையில் 30 பேர். ஒரு மணி நேரத்தில் 1,800 நிமிட உழைப்பு இருக்கிறது. முழுத்திறனில் 300 ஆடைகள் வர வேண்டும். 60 சதவீதத் திறனில் 180 வருகிறது என்று வையுங்கள். ஆலோசகர் வருகிறார், பாவனையை ஓட்டுகிறார், தேக்கங்களைக் கண்டுபிடிக்கிறார், வரிசையைச் சமன் செய்கிறார். திறன் 75 சதவீதமாகிறது: மணிக்கு 225 ஆடைகள். எட்டு மணி நேரத்தில் 360 ஆடைகள் கூடுதல். ஆட்கள் கூடவில்லை, மெஷின்கள் கூடவில்லை. விளக்கப்படத்தில் பச்சைக் கோடு மேலே ஏறுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

அந்த 360 ஆடைகள் யாருக்கு? ஷிப்ட் கூலிக்குத் தைப்பவளுக்குக் கூலி நேற்றைக்கு என்னவோ அதுதான். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவள் சில நாட்கள் கூடுதலாகப் பார்ப்பாள். அடுத்த ஆர்டரில் ‘இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் ஆகாது’ என்று ரேட்டைக் குறைத்துவிட முடியும். வேகமாகத் தைத்ததே அவளுக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடுகிறது. கைமடிப்பவர்கள், அடுக்கிக் கட்டுபவர்கள், டேமேஜ் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். திருப்பூரின் கூலி ஒப்பந்தங்களில் இவர்களுடைய வரிசைகள் தையல்காரருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் கீழேதான் இருந்து வந்திருக்கின்றன. தையல் வேகம் கூடும்போது இவர்களுக்கு முன்னால் குவியும் துணியும் கூடுகிறது. இவர்களை ‘துணை வேலை’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிட முடிகிறது.

புதிதாக ஏதோ நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த அறிவியலின் பிறப்பிலேயே பெண்கள் இருக்கிறார்கள். ஃபிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911இல் வெளியிட்ட ‘விஞ்ஞானபூர்வ நிர்வாகத்தின் கோட்பாடுகள்’ நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரும்புக் கட்டி சுமந்த ஆணின் கதையைச் சொல்வார்கள். அதே நூலில், சைக்கிள் பேரிங் குண்டுகளைக் கையில் உருட்டிப் பார்த்துப் பழுதானவற்றைப் பொறுக்கி எடுக்கும் 120 பெண்களின் கதையும் இருக்கிறது. டெய்லர் வேலை நேரத்தை பத்தரை மணியிலிருந்து எட்டரை மணியாகக் குறைத்தார். சீரான இடைவெளியில் ஓய்வு கொடுத்தார். வேலை நேரத்தில் பேச முடியாதபடி பெண்களைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். கண்ணும் கையும் மின்னலாக இயங்காதவர்களை, அவர்கள் புத்திசாலிகளாகவும் நேர்மையான உழைப்பாளிகளாகவும் இருந்தும், வெளியே அனுப்பினார். இதை அவரே ஒப்புக்கொள்கிறார். முடிவில் 35 பேர் 120 பேரின் வேலையைச் செய்தார்கள். அவர்களுக்குக் கூலி 80 முதல் 100 சதவீதம் வரை கூடியது.

மீதி 85 பேர்? வெளியேறியவர்கள் எங்கே போனார்கள், எதைத் தின்றார்கள் என்று அந்த நூல் கேட்கவில்லை. நூறாண்டு கழித்தும் பாவனை மென்பொருள் கேட்கவில்லை. திரையில் ஓர் ஆளை நீக்குவதற்கு ஒரு சொடுக்குப் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: டெய்லர் நேரத்தைக் குறைத்துக் கூலியை ஏற்றினார். அவருடைய நம்மூர் வாரிசுகள் ஸ்டாப்வாட்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உற்பத்தித்திறன் இவ்வளவு உயர்ந்த காலத்தில்தான், 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா நமது சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் அது திரும்பப் பெறப்பட்டது. நொடிகளைச் சேமித்துக் கொடுத்தவர்களிடம் மணிகளைக் கேட்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

டெய்லரின் காலத்திலேயே இந்தத் துறையில் ஒரு பெண்ணும் இருந்தார். லில்லியன் கில்பிரெத், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். களைப்பு என்பதை ஒரு பொறியியல் கேள்வியாக எடுத்துக்கொண்டவர்களில் முன்னோடி. 1914இல் நிர்வாக உளவியல் பற்றிய அவருடைய நூல் வந்தபோது, எழுதியவர் பெண் என்று தெரியாதபடி முதலெழுத்துகளோடு பெயர் அச்சானது. 1924இல் கணவர் ஃபிராங்க் இறந்ததும், இருவரும் சேர்ந்து நடத்திய ஆலோசனை நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆலைக்குள் ஒரு பெண் வந்து யோசனை சொல்வதை அவர்கள் விரும்பவில்லை. அவர் சமையலறை வடிவமைப்பின் பக்கம் திரும்பினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆலைக் கதவு மூடியபோது பெண் பொறியாளருக்குத் திறந்திருந்தது அடுப்படி ஒன்றுதான். அந்த அடுப்படியை ஆலைக் கணக்கு இன்றுவரை உள்ளே விடவில்லை.

கணக்கு பெண் உடலை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட, உலகமெங்கும் பாடமாக இருக்கும் வேலை ஆய்வு நூலில் ஓய்வுச் சலுகைகளுக்கு ஓர் அட்டவணை உண்டு. சொந்தத் தேவைகளுக்கு, அதாவது கழிப்பறைக்கும் தண்ணீருக்கும், ஆண்களுக்கு 5 சதவீதம். பெண்களுக்கு 7 சதவீதம். அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4. அந்த இரண்டு சதவீத வித்தியாசம் எட்டு மணி ஷிப்டில் எட்டு, ஒன்பது நிமிடம். மாதவிடாய், கர்ப்பம், பால் கட்டிய மார்பு, நாற்பதுக்கு மேல் உடம்பு படும் பாடு எல்லாவற்றையும் சேர்த்து எட்டு, ஒன்பது நிமிடம். அதுவாவது ஏட்டில் இருக்கிறது. டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும், கழிப்பறை இன்னொரு கட்டடத்தில், அங்கே ஒரு வரிசை என்றால் அந்த நிமிடங்கள் நடையிலேயே தீர்ந்துவிடும். ஆகவே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். பாவனையில் கட்டு நகரும் தூரம் மீட்டரில் அளக்கப்படுகிறது. கழிப்பறைக்கு எத்தனை மீட்டர் என்று மென்பொருள் கேட்டால் அந்த இடத்தை நிரப்ப யாருக்கும் தோன்றுமா?

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடை ஆலைப் பெண்கள் நூறு பேர் அளவில் பேசி ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அவற்றை விழுங்கிவிட்டு அவர்கள் வரிசைக்குத் திரும்பினார்கள். செயல்முறை மறுவடிவமைப்பு என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வரிசையில் ஒரு தடை வந்தது, குறைந்த செலவில் அது அகற்றப்பட்டது. உடம்பை வேலைக்கு ஏற்றபடி மாற்றிவிட்டார்கள்.

இந்தத் துறையின் அகராதியில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் சொல் ஒன்று உண்டு: ‘ஐடில் டைம்’. தமிழில் சொன்னால் சும்மா இருக்கும் நேரம். முந்தைய மெஷினிலிருந்து துணி வராததால் காத்திருப்பவளின் நேரமும் அதில்தான் சேர்கிறது. தன் தவறில்லாத காத்திருப்புக்கு அவள் சோம்பேறிப் பட்டம் வாங்குகிறாள். நம் சைவமும் சித்தர் மரபும் சும்மா இருத்தலைப் பெரிய பேறாகக் கொண்டாடியவை. அந்தப் பேறு ஒரு துறவிக்குக் கிடைக்கலாம், செக்கிங் மேசையில் நிற்பவளுக்குக் கிடைக்காது. வீட்டிலும் இதே சொல்தான். வேலைக்குப் போகாத பெண்ணைக் கேட்டால் ‘வீட்ல சும்மாதான் இருக்கா’ என்பார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியற்ற வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரச் சும்மா!

பாவனை மாதிரி காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. தொழிலாளி வருகிறாள் என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட உண்மை. அவள் நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, இரண்டு வேளைக்குச் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வேனைப் பிடித்தாள் என்பது அதற்கு வெளியே. ஆலையில் எந்தச் செயலுக்கும் முந்தைய செயல் ஒன்று இருக்கும், அதன் நேரமும் செலவும் கணக்கில் ஏறும். தொழிலாளியை ஆலை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை மட்டும் யார் கணக்கிலும் ஏறாமல் இலவசமாக வந்துசேர்கிறது. மிகத் திறமையான வரிசை என்று பரிசு வாங்கும் ஒவ்வோர் ஆலைக்கும் பின்னால் இந்த இலவசச் சரக்கு இருக்கிறது.

இனி, கணினி சொன்ன இலக்கு தரைக்கு எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். திரையில் 225 என்று வந்துவிட்டது. மணிக்கொரு முறை பலகையில் எண் எழுதப்படுகிறது. குறைந்தால் மேற்பார்வையாளர் கேள்வி கேட்கப்படுவார். அவர் வரிசையில் இருக்கும் பெண்ணைக் கேட்பார். எப்படிக் கேட்பார் என்பதற்கு மென்பொருளில் பதில் இல்லை. வசவு, சாதிப் பேச்சு, தோளில் விழும் கை, அதை எதிர்த்தால் கடினமான வேலைக்கு மாற்றுவது எல்லாம் இலக்கைத் துரத்தும் கருவிகளாக இருந்து வந்திருக்கின்றன. பெண்கள் வரிசையில், ஆண்கள் மேற்பார்வையில் என்ற ஏற்பாட்டை எந்த மறுவடிவமைப்பும் தொட்டதாகத் தெரியவில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டாள். கைதானவர் அவளுடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதற்குப் பிறகு நடத்திய போராட்டம், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தமாக முடிந்தது. ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் நிறுவனமும் அதில் இணைந்தன, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் இணைந்தன. பாலியல் வன்முறையையும் சாதி ஒடுக்குமுறையையும் கண்டு சொல்ல, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். ஓர் ஆலையின் செயல்முறையை நிஜமாகவே மறுவடிவமைத்த ஆவணம் எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதை எழுதவைத்தவர்கள் ஆலோசகர்கள் இல்லை, பெண்கள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். வங்கதேசத்தோடும் வியட்நாமோடும் போட்டி. திறனைக் கூட்டாவிட்டால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் வேலை போய்விடும். முதலில் பாதிக்கப்படுவது பெண்கள்தான். இதில் உண்மை இருக்கிறது. வாங்கும் நிறுவனங்கள் அதே எஸ்.ஏ.எம். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை பேசுகின்றன. ஆலை சேமித்த நொடியை அடுத்த பேரத்தில் அவை உருவிக்கொள்ள முடியும். அப்படியென்றால் அந்த வாதம் எனக்குத்தான் உதவுகிறது. தையல்காரியிடமிருந்து மிச்சம் பிடித்த நேரம் ஆலை முதலாளி கையிலும் தங்காமல் கடல் கடந்து போகிறதென்றால், யாருக்காக அவளை விரட்டினீர்கள்? மறுவடிவமைப்பில் நல்லதே இல்லையா என்றும் கேட்பார்கள். உண்டு. மேசையின் உயரம் சரியானால் முதுகு தப்பிக்கும். கட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் தோள் தப்பிக்கும். தப்பித்த முதுகின் மீது இன்னும் 45 ஆடைகளை ஏற்றாமல் இருந்தால் அது நன்மை.

கணினிப் பாவனையை நான் எதிர்க்கவில்லை. அதைப் படைத்தவர்களில் ஒருவரே அதன் அரசியலைப் புரிந்துகொண்டிருந்தார். 1960களில் நார்வேயின் கிறிஸ்டன் நைகார்டும் ஓலே-யோஹன் டாலும் சேர்ந்து சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பெயரிலேயே பாவனை இருக்கிறது. இன்றைய நிரல்மொழிகள் பலவற்றுக்கும் அது மூதாதை. இருவரும் டூரிங் விருது பெற்றவர்கள். தாங்கள் செய்த கருவி ஆலைகளில் நிர்வாகத்தின் கையைத்தான் வலுப்படுத்தப் போகிறது என்று கண்ட நைகார்ட், 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். கணினி அமைப்புகள் தங்கள் வேலையை என்ன செய்யும் என்று தொழிலாளர்களே படித்தார்கள், கேள்வி கேட்டார்கள், மாற்று கேட்டார்கள். 1975இல் தொழிலாளர் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் கூட்டமைப்புக்கும் இடையே இதற்கென்றே தேசிய ஒப்பந்தம் வந்தது. புதிய அமைப்பைப் பற்றி முன்கூட்டியே, புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இதைக் கவனிக்கத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 1980களில் அதே ஒஸ்லோவில் குரோ பியர்க்னெஸ், டோனே பிராத்தெதெய்க் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், மருத்துவமனைச் செவிலியர்களோடு சேர்ந்து அவர்களுடைய வேலைக்கான கணினி அமைப்பை வடிவமைத்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயர் ஃபிளாரன்ஸ். தங்கள் வேலை எது என்பதைச் சொல்லும் உரிமை அங்கே செவிலியர்களிடம் இருந்தது.

ஐம்பதாண்டுகளுக்கு முன்பு ஒஸ்லோவில் முடிந்தது திருப்பூரில் ஏன் முடியாது? எழுத்தறிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ப்ளஸ் டூ முடித்த பெண்கள் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனவே கேட்கிறேன். எஸ்.ஏ.எம். கணக்கு வரிசையின் முன்னால் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அதில் சொந்தத் தேவைக்கும் களைப்புக்கும் எத்தனை நிமிடம் என்பது தெரிய வேண்டும். பாவனையை ஓட்டும் அறையில் தையல்காரிகளும் கைமடிப்பவர்களும் தேர்ந்தெடுத்த பெண் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். மெஷினின் பழுதைக் கேட்கும் மாதிரி, கழிப்பறைத் தூரத்தையும் பால் கொடுக்கும் இடைவேளையையும் குழந்தைகள் காப்பகத்தையும் கேட்க வேண்டும். திறன் கூடினால் கூடிய பங்கு கூலியாகவோ குறைந்த நேரமாகவோ திரும்பி வர வேண்டும். ரேட்டைக் குறைக்க அது காரணமாகக் கூடாது. மறுவடிவமைப்பினால் ஒருத்தி வரிசையிலிருந்து வெளியேறினால் அவள் எங்கே போகிறாள் என்பதும் அறிக்கையில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. உங்களிடம்தான் மென்பொருள் இருக்கிறதே. ஓட்டிப் பாருங்கள்.